பங்குனி வெயிலும் மாடித்தோட்டமும்

பங்குனி பிறந்துவிட்டால் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகள் மூன்றுதான். தக்காளி கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, காய் பிடிக்கவில்லை. மிளகாய் இலை சுருண்டுவிட்டது. காலையில் தண்ணீர் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் பை காய்ந்துவிடுகிறது. இவற்றுக்குக் கிடைக்கும் பதில்களும் மூன்றுதான்: நிழல்வலை கட்டுங்கள், இரண்டு வேளை தண்ணீர் விடுங்கள், வேப்பெண்ணெய் தெளியுங்கள். பதில்களில் தவறில்லை. ஆனால் மூன்றையும் ஒழுங்காகச் செய்தவர்களின் தோட்டமும் சித்திரைக் கடைசியில் வெறும் குச்சிகளாக நிற்பதைப் பார்க்கும்போது, கேள்வியை இன்னும் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டின் முன்கோடையில் வீட்டுக் காய்கறிக்கு உண்மையான தடை எது? பகல் வெயிலா, இரவின் புழுக்கமா, தண்ணீர்ப் பற்றாக்குறையா, பூச்சியா, அல்லது நாம் விதைத்த தேதியா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடைத் தோட்டத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் தையிலும் மாசியிலும் தீர்மானமாகிவிடுகிறது. எந்தப் பயிரை, எந்த வாரத்தில், எந்த ஊரில் விதைத்தோம் என்பதே முக்கால் பங்கு. வலையும் தண்ணீரும் தெளிப்பும் மீதிக் கால் பங்கைக் காப்பாற்றத்தான் உதவும்.

வானிலைத் துறையின் கணக்கில் மார்ச் முதல் மே வரை கோடை. நம் பழைய பெரும்பொழுதுக் கணக்கிலோ மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. தோட்டம் போடுகிறவருக்கு இரண்டு கணக்கும் வேண்டும். மாசியில் பகல் 33, 34 டிகிரியைத் தொட்டாலும் விடியற்காலையில் இலைமேல் பனி நிற்கும். பகலில் வறட்சி, இரவில் ஈரம் என்று மாறி மாறி வரும் இந்த வாரங்கள்தான் சாம்பல் நோய்க்கு ஏற்ற காலம். வெண்டையின் அடியிலைகளிலும் பூசணி, வெள்ளரி இலைகளிலும் வெள்ளைப் பூச்சாகத் தொடங்கி, பத்து நாளில் இலையையே காயவைத்துவிடும். கோடை வந்துவிட்டது, இனிப் பூஞ்சாணத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

வெயிலின் உச்சமும் வெப்பத்தின் உச்சமும் ஒரே நாளில் வருவதில்லை. சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள் கன்னியாகுமரியில் ஏப்ரல் 11 வாக்கில், மதுரையில் 16 வாக்கில், சென்னையில் 24, 25 தேதிகளில். அக்னி நட்சத்திரம் என்னும் கத்திரி வெயில் காலமோ மே 4 அளவில் தொடங்கி 28 வரை நீள்கிறது. நிலமும் கட்டடமும் வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டே போவதாலும், மே மாதத்தில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வலுப்பதாலும் வெப்பம் பிந்தி உச்சம் தொடுகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. கத்திரி முடிந்த பிறகு!

சூரியன் உச்சியைக் கடப்பதில் தோட்டத்துக்கு இன்னொரு பாடம் இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. மார்கழி, தையில் நண்பகல் வெயில் தெற்குச் சாய்வாக விழும். தெற்குக் கைப்பிடிச் சுவரின் நிழல் மாடிக்குள் நீளமாகப் படரும். சித்திரை நடுவிலிருந்து ஆவணி தொடக்கம் வரை தமிழ்நாட்டில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, மறைவதும் வடமேற்கில். தையில் தெற்குப் பக்கம் பார்த்துக் கட்டிய வலை மே மாதத்தில் பயன்படாது. மேற்கும் வடமேற்கும்தான் மறைக்கப்பட வேண்டும். பிற்பகல் ஒன்றிலிருந்து நான்கரை வரை அடிக்கும் வெயிலைத் தடுத்தால் போதும், காலை வெயில் முழுவதும் செடிக்கு வேண்டும். மேற்கு ஓரத்தில் பீர்க்கன், கோவை, கொடிப்பசலை ஏற்றிய பந்தல் வலையைவிட நல்ல மறைப்பு. ஆனால் அந்தப் பந்தல் சித்திரைக்குள் மூடியிருக்க வேண்டுமானால் விதை தைக் கடைசியில் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும்.

'தமிழ்நாட்டுக் கோடை' என்று ஒன்று கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னையில் கடல்காற்று நண்பகலை ஒட்டி உள்ளே வந்தால் அன்றைய வெப்பம் அடங்கும். மேற்குக் காற்று அதைத் தடுத்துவிட்ட நாளில் 40 டிகிரி தாண்டும். பகலைவிட அங்கே இரவுதான் கடினம். மார்ச்சில் 23, 24 டிகிரியாக இருக்கும் இரவு வெப்பநிலை ஏப்ரலில் 26-ஐத் தாண்டி, மே மாதம் 28-ஐ ஒட்டிவிடுகிறது. கோவையில் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் கோடை மழையும் இருப்பதால் அங்கே மார்ச், ஏப்ரல்தான் கடும் வெயில். இரவுகள் 23, 24-க்கு மேல் போவது குறைவு. வேலூர், திருச்சி, மதுரை, கரூர் ஆகியவை உலர்வெப்ப ஊர்கள். 2024இல் ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் 42 டிகிரிக்கு மேல் பதிவானது நினைவிருக்கும். அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. ஓசூர், கிருஷ்ணகிரி மேட்டுநிலத்தில் அதே மே மாத இரவுகள் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு ஊர்க்காரர் தன் மாடியில் பங்குனித் தக்காளி பறித்துக் காட்டுவதைப் பார்த்து இன்னொரு ஊர்க்காரர் விதை போடுவதில்தான் பாதி ஏமாற்றம் தொடங்குகிறது.

ஏனென்றால் தக்காளியின் கணக்கு இரவில் இருக்கிறது. பகல் 30 டிகிரியை ஒட்டியும் இரவு 15 முதல் 20 டிகிரிக்குள்ளும் இருந்தால் அது தாராளமாகக் காய் பிடிக்கும். இரவு 24-ஐத் தாண்டி, பகலும் 35-ஐத் தாண்டினால் மகரந்தம் சரியாக உருவாகாது. உருவானாலும் முளைத்துச் சூலை அடையாது. பூக்காம்பின் கணுவில் மஞ்சள் தட்டும், மறுநாள் தொட்டதும் உதிரும். இதில் முக்கியமான விஷயம், மகரந்தம் கெடுவது பூ மலரும் நாளில் நடப்பதில்லை. மலர்வதற்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் முன்பு, மொட்டு மிளகளவு இருக்கும்போதே நடந்துவிடுகிறது. ஆகவே பூ உதிர்வதைப் பார்த்த பிறகு மோர்க் கரைசலும் தேங்காய்ப்பால் கரைசலும் தெளிப்பது போய்விட்ட வண்டிக்குக் கைகாட்டுவதுதான். காய் பிடித்துத் தப்பித்த தக்காளியும் சரியாகச் சிவப்பதில்லை. சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன் 30, 32 டிகிரிக்கு மேல் உருவாவது குறைந்துவிடும். மஞ்சள் நிறமி மட்டும் நிற்கும். காம்பைச் சுற்றி மஞ்சளாகவே பழுக்கும் கோடைத் தக்காளிக்கு உரக்குறைவு காரணமில்லை.

இதையே சந்தையும் சொல்கிறது. ஏப்ரல், மே மாதம் பூத்திருக்க வேண்டிய பூக்கள்தான் ஜூன், ஜூலையில் தக்காளியாக வர வேண்டும். அந்த மாதங்களில் சமவெளி கைவிட்டுவிட, ராயக்கோட்டை, ஓசூர், கர்நாடகத்தின் கோலார், ஆந்திரத்தின் மதனப்பள்ளி என்று மேட்டுநிலங்களை நம்பித்தான் நம் சமையலறை ஓடுகிறது. அங்கேயும் இலைச்சுருள் நோயோ மழையோ குறுக்கிட்டால் விலை எகிறுகிறது. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. பெரு விவசாயமே தயங்கும் காலத்தில், தரைச் சூட்டில் நிற்கும் ஒரு பையிலிருந்து நாம் தக்காளி எதிர்பார்க்கிறோம். கடலோரத்தவர்களுக்கு என் யோசனை இதுதான்: நாற்றைக் கார்த்திகையிலேயே பைக்கு மாற்றி, மாசி முடிவதற்குள் பறித்து முடியுங்கள். பங்குனிக்குப் பிறகு அந்தப் பைகளை வேறு பயிருக்குக் கொடுங்கள்.

மற்றக் காய்களுக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு. கொத்தமல்லி சூடேறினால் தழைக்காமல் பூவெடுத்துவிடும். முட்டைகோஸ், காலிஃபிளவர், கேரட் ஆகியவற்றைத் தையோடு மறந்துவிட வேண்டும். முள்ளங்கி கிழங்கு வைக்கும், ஆனால் காரமேறி நெட்டியாகும். கத்திரி தாங்கும். அதன் பூக்களை உற்றுப் பார்த்தால் சிலவற்றில் சூல்முடி மகரந்தப்பைக்கு வெளியே நீண்டிருக்கும், சிலவற்றில் உள்ளே குட்டையாக ஒளிந்திருக்கும். குட்டைச் சூல்முடிப் பூ காயாகாது. செடி களைத்திருக்கும்போதும் வெயில் மிகும்போதும் இந்தக் குட்டைப் பூக்கள் பெருகுகின்றன. மழை வந்து செடி தேறியதும் நீண்டவை திரும்ப வரும். பூ உதிர்கிறதே என்று செடியைப் பிடுங்கிவிடாமல் பாதியாகக் கவாத்து செய்து வைத்திருப்பது நல்லது. பந்தல் அவரைக்குக் காரணம் வெயிலே இல்லை. அது பகல் குறுகினால்தான் பூக்கும் கொடி. ஆடியில் போட்டுத் தையில் பறிப்பது அதன் இயல்பு. மாசியில் விதைத்துவிட்டு, கொடி மட்டும் ஓடுகிறது என்று உரத்தைக் குறைத்தும் கூட்டியும் பார்ப்பதில் பயனில்லை.

சரி, எதை விதைப்பது? வெண்டையை முதலில் சொல்ல வேண்டும். இந்த வெயில் அதற்குப் பிடித்த வெயில். இரவு ஊறவைத்து, காலையில் ஒரு பைக்கு இரண்டு விதை நேராக ஊன்றினால் நான்கு முதல் ஆறு நாளில் முளைக்கும். நாற்றங்கால் வேண்டியதில்லை, வேர் அசைந்தால் அதற்கு ஆகாது. ஐந்தாம் வாரம் பூக்கும், நாற்பத்தைந்து நாளில் முதல் காய். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். ஒரு காய் முற்றினாலும் செடி அடுத்த பூவைத் தள்ளிப்போடும். மாசியில் விதைத்த வெண்டை, கத்திரி வெயில் தொடங்கும்போது இடுப்புயரம் வளர்ந்து தன் பைக்குத் தானே நிழல் தரும். சித்திரையில் விதைத்தால் முளையிலேயே வெள்ளை ஈயின் வாயில் மாட்டும். அந்த ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல்தான் வெண்டைக்குப் பெரிய எதிரி. இலை நரம்புகள் வலைபோல் மஞ்சளாகி, காயும் வெளுத்து நாராகிவிடும். மருந்து கிடையாது, கண்டதும் பிடுங்க வேண்டும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா இந்த நோயைத் தாங்குவதற்கென்றே வந்த ரகம். கோடை விதைப்புக்கு ரகத்தில் பிடிவாதம் காட்டுவதை நான் ஆதரிக்கிறேன்.

கொத்தவரையும் காராமணியும் வறட்சிக்குப் பழகியவை. தண்டுக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை ஆகியவை பிற்பகல் நிழலில் வைகாசி வரை கைவிடாது. பெரிய டிரம் வைக்க இடமிருப்பவர்கள், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கையை யோசிக்கலாம். விதையிட்ட ஆறேழு மாதத்தில் காய்ப்பது. கோடைதான் அதன் பருவம்.

கொடிவகைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோடையில் இவற்றில் ஆண்பூக்கள் மிகும். நீண்ட பகலும் வெப்பமும் தழைச்சத்து மிகுதியும் சேர்ந்தால் பெண்பூ குறையும், அல்லது பிந்தி வரும். வந்த பெண்பூவும் மாடியில் தேனீ வராததால் பிஞ்சிலேயே வெம்பி மஞ்சளாகி விழுகிறது. கையால் மகரந்தம் சேர்ப்பது எளிய வேலைதான். மெல்லிய காம்புள்ள ஆண்பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்து, பிஞ்சுக்காயைத் தாங்கி நிற்கும் பெண்பூவின் நடுவில் தடவ வேண்டும். தவறு நேரத்தில் நடக்கிறது. பூசணி விடியலுக்கு முன்பே மலர்ந்துவிடும். எட்டு மணிக்கெல்லாம் மகரந்தம் வீரியம் இழக்கத் தொடங்கும். பாகலும் வெள்ளரியும் காலைப் பூக்கள். பீர்க்கன் மலர்வது மாலை ஐந்து மணியளவில். சுரையும் மாலையில்தான் வெள்ளையாய் விரியும். புடலை இன்னும் தாமதம், இருட்டத் தொடங்கியதும் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்த இதழ்களோடு மலரும். காலைக் காபிக்கு முன் எல்லாக் கொடிக்கும் கைவைத்துவிட்டு இறங்குபவருக்குப் பூசணி காய்க்கும், பீர்க்கன் காய்க்காது. மாலையில் ஒருமுறை ஏறினால் இந்தச் சிக்கல் அன்றோடு தீரும்.

இனி வேர். தரைத் தோட்டத்துக்கும் மாடித்தோட்டத்துக்கும் கோடையில் உள்ள பெரிய வித்தியாசம் அங்கேதான். தரையில் ஓரடி ஆழத்தில் மண் குளிர்ச்சியாக இருக்கும். மாடியில் காங்கிரீட் தளம் பிற்பகலில் 50 டிகிரியைத் தாண்டிச் சுடும். பை அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் வேகும். தளத்தில் நேராக வைத்த பையை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்து அடியில் காற்றோட்டம் கொடுப்பது நிழல்வலைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. பைகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் பக்கத்தை மற்றொன்று மறைக்கும். மேற்கு வரிசையில் மட்டும் பழைய சாக்கை நனைத்துச் சுற்றலாம். கறுப்புத் தொட்டியென்றால் வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

மண்ணின் மேற்பரப்புக்கு மூடாக்கு. இதற்கான பொருளை இந்த மண்ணே சரியான மாதத்தில் தருகிறது. மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் இலையுதிர்க்கின்றன. தெருவோரம் குவித்து எரிக்கிறார்கள். அந்தச் சருகை இரண்டு அங்குலக் கனத்தில் பரப்பினாலே பை காயும் வேகம் கண்கூடாகக் குறையும். செடியின் தண்டை மட்டும் விரலளவு விட்டுப் பரப்ப வேண்டும். தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போல் எட்டு மடங்கு தண்ணீர் பிடிப்பது உண்மைதான். ஆனால் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்ட கலவை சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகும். பிறகு ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே நேராக அடியில் ஓடிவிடும். அடியில் ஒழுகுகிறதே, நனைந்துவிட்டது என்று நினைப்போம். நடுவில் விரலை விட்டால் பொடியாக இருக்கும். அப்படிப்பட்ட பையைச் சிறிது சிறிதாக, அரைமணி இடைவெளியில் மூன்று தடவை நனைத்துத்தான் மீட்க வேண்டும்.

தண்ணீருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர்களில் ஒரு நாளைக்கு ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு நீர் ஆவியாகிறது. ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். செடிகள் அடர்ந்த நூறு சதுர அடித் தோட்டம், அதாவது ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று மேல், தினமும் ஐம்பத்தைந்து அறுபது லிட்டர் குடிக்கும். பிளாஸ்டிக் குடத்தில் நான்கு குடம். காற்று நாலாபுறமும் அடிக்கும் மாடியில் இன்னும் கொஞ்சம் கூடும். இந்தத் தண்ணீர் வீணாவதாக யாரும் வருந்த வேண்டாம். அறுபது லிட்டர் ஆவியாகும்போது சுமார் 40 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மாடித்தோட்டத்துக்குக் கீழேயுள்ள அறை குளிர்ச்சியாக இருப்பது இதனாலும்தான்.

ஆனால் அந்த நான்கு குடம் மே மாதத்திலும் கிடைக்குமா என்பதைத் தையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. குடிக்கவே லாரிக்காகக் காத்திருக்கும் வீட்டில் செடிக்கு ஊற்றக் கை வராது, வரவும் கூடாது. மாடியில் எத்தனை பை என்பதை மே மாதத் தண்ணீரைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும். மாநிலத்தின் ஆண்டு மழை சுமார் 920 மில்லிமீட்டர். அதில் மார்ச் முதல் மே வரையிலான கோடை மழை 130-ஐ ஒட்டித்தான். அதிலும் பெரும்பகுதி மலையடிவாரத்துக்கும் தென்மாவட்டங்களுக்கும் போய்விடும். சென்னைக்காரர்கள் கோடை மழையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கோடையில் உப்பேறும். பையின் ஓரத்தில் வெள்ளைப் படிவு தெரிந்தால், இலை நுனி கருகினால், ஒருநாள் நல்ல தண்ணீரை அடியில் வழியும்வரை ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளித்தள்ளும் தண்ணீர் இந்த மாதங்களில் செடிக்கு வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது உப்பில்லாதது, தாராளமாக ஊற்றலாம். மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியின் தண்ணீர் பிற்பகலில் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிடுவது எல்லா வகையிலும் நல்லது. போதாத பைகளுக்கு மட்டும் மாலையில் இரண்டாம் தடவை. நடுப்பகலில் செடி துவண்டால் உடனே ஊற்ற வேண்டியதில்லை. சுரையும் பூசணியும் நீரிழப்பைக் குறைக்க இலையைத் தொங்கவிடும். மாலையிலும் நிமிராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். இலைமேல் நீர்த்துளி நின்றால் வெயில் அதன் வழியே குவிந்து இலையைச் சுட்டுவிடும் என்ற நம்பிக்கையை ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010இல் சோதித்துப் பார்த்தார்கள். வழவழப்பான இலையில் அப்படிச் சுடுவதில்லை. இலைமேல் உள்ள ரோமங்கள் துளியைத் தாங்கிப் பிடிக்கும் செடிகளில் மட்டுமே அதற்கு வாய்ப்பு உண்டு. அதே சமயம், ஒருநாள் வெள்ளம் ஒருநாள் வறட்சி என்று ஊற்றினால் தக்காளியின் அடிப்புறம் கறுத்து அழுகும். சுண்ணாம்புச்சத்து மண்ணில் இருந்தும் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் அந்தப் பருவத்துக்குள் மக்கிப் பலன் தராது. ஒரே சீராகத் தண்ணீர் விட்டால் அடுத்த காய்கள் சரியாகும்.

பூச்சிகளில் வெயில் ஏறஏறப் பெருகுபவை சாறு உறிஞ்சுபவை. மிளகாய் இலை சுருண்டிருக்கிறது என்றதும் மருந்தைத் தேடாமல் சுருளின் திசையைப் பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து இலைக்காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்திப்பேன். செடியே குட்டையாகி, கணுக்கள் நெருங்கி, இலைகள் சிறுத்துக் கொத்தாகிவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அந்தச் செடி தேறாது. சிவப்புச் சிலந்திப்பேனுக்கு வறட்சி பிடிக்கும், ஈரம் பிடிக்காது. கத்திரி, வெண்டை இலைகளின் அடிப்புறத்தில் காலை நேரத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி அடங்கும். வேப்பெண்ணெய்க் கரைசலை வெயில் தாழ்ந்த பிறகுதான் தெளிக்க வேண்டும். எண்ணெய் பட்ட இலை பகல் வெயிலில் கருகும்.

மாவுப்பூச்சி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. செடியில் எறும்பு ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். அந்தப் பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. எறும்பைத் தடுத்தால் எதிரிப்பூச்சிகள் வரும். அவற்றில் முக்கியமானது ஒருவகைப் பொறிவண்டு. அதன் புழு உடலெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு, பார்வைக்கு ஒரு பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். மாவுப்பூச்சி என்று நினைத்து அதையும் நசுக்கிவிடுகிறோம். குச்சியால் தொட்டுப் பாருங்கள். விறுவிறுவென்று நகர்ந்தால் அது நம் ஆள். இயற்கை எதிரி எவ்வளவு செய்யும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2008இல் கோவையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியில் தொடங்கி மல்பெரி, மரவள்ளி, கத்திரி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் வெளுக்கடித்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஓர் ஒட்டுண்ணிக் குளவியை மாநிலமெங்கும் விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கிவிட்டது. வீட்டுத் தோட்டத்தில் கடும் மருந்துகளை அடிப்பதற்கு நான் எதிராக இருப்பதன் காரணம் இதுவே. முதலில் சாவது இந்தக் குளவிதான்.

நிழல்வலையைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றே. காய்க்கும் செடிக்கு 50 சதவீத வலைக்கு மேல் போகக் கூடாது. 75 சதவீத வலையின் கீழ் வெண்டை நெட்டையாக வளரும், பூக்காது. தலைக்கு மேல் ஏழெட்டு அடி உயரத்தில், சூடான காற்று வெளியேற வழிவிட்டு, இழுத்து மூடவும் திறக்கவும் வசதியாகக் கட்ட வேண்டும். கோடை இடிமழைக்கு முன் வரும் சூறைக்காற்று வலையைச் சட்டத்தோடு பெயர்த்துவிடும் வலுவுள்ளது. மாடியிலிருந்து பறந்த குழாய் தெருவில் போகிறவர்மேல் விழலாம் என்பதை மனத்தில் வைத்துக் கட்டுங்கள்.

அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டம் பலரைச் செடிகளிடம் கொண்டுவந்து சேர்த்தது. மானிய விலையில் பை, நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் கைக்கு வந்தன. இனி வேண்டியது ஊர்வாரியான விதைப்பு நாட்காட்டி. கடலோரம், உள்மாவட்டம், கொங்கு, மேட்டுநிலம் என்று நான்காகப் பிரித்து, எந்தக் காயை எந்த வாரத்துக்குமேல் விதைக்கக் கூடாது என்று விதைப் பொட்டலத்தின்மேலேயே அச்சிட்டுக் கொடுத்தால் போதும். விதைக்கும் நாளைச் சொல்வதைவிட நிறுத்தும் நாளைச் சொல்வது கோடையில் அதிகம் உதவும்.

கத்திரி வெயிலில் எல்லாப் பைகளிலும் செடி நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாதியைக் காலி செய்யுங்கள். தக்காளியும் வெண்டையும் நின்ற மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு சேர்ந்திருக்கும். பிடுங்கிய வேரில் மணிமணியாக முண்டுகள் தெரிந்தால் அதுதான். அந்த மண்ணைத் தளத்தில் அரையடிக் கனத்துக்குப் பரப்பி, ஈரமாக நனைத்து, கறுப்பில்லாத கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளால் காற்றுப்புகாமல் மூடி, ஓரங்களில் செங்கல் வைத்து நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிட வேண்டும். இந்த வருடத்தின் மிகக் கடுமையான வெயில் உள்ளேயுள்ள புழுவையும் வாடல்நோய்ப் பூஞ்சாணத்தையும் களைவிதையையும் வேகவைத்துவிடும். நல்ல நுண்ணுயிர்களும் சேர்ந்தே குறையும் என்பதால், ஆனியில் தாளை எடுத்து ஆறவிட்ட பிறகு மக்கிய தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மாவும் அசோஸ்பைரில்லமும் கலந்து, நிழலில் பத்து நாள் ஈரம் காயாமல் வைத்துவிட்டுப் பைகளை நிரப்புங்கள். ஆடிப்பட்டத்துக்குக் கத்திரி, மிளகாய் நாற்று விடும் நேரமும் அதுவே.